தொட்டிலில் உருளாத மாவு

சேலத்தில் எனக்குப் பட்டறை இருந்த காலத்தில், "அவர் ஒருதரம் பாத்தாப் போதும், செஞ்சுருவாரு" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நான் பொறியியல் படித்தவன். ஆனால் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது பட்டம் அல்ல, அந்தப் பேச்சுதான். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் எடுக்கும் ஆலைகளுக்கு இயந்திரங்கள் செய்து கொடுப்பது என் தொழில். அந்த ஆலைகளை எங்கள் பக்கம் சேகோ பேக்டரி என்பார்கள். கிழங்கை அரைக்கும் உருளை, அரைத்த பாலைச் சலிக்கும் சல்லடை, மாவை ஆட்டி மணியாக்கும் தொட்டில் என்று எதைக் கேட்டாலும் செய்வேன். எதையும் நானாகக் கண்டுபிடித்ததில்லை. எங்கோ பார்த்ததை இங்கே கிடைக்கும் இரும்பில், இங்கே வந்து வந்து போகும் மின்சாரத்துக்குத் தக்கபடி திரும்பச் செய்தேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

சொல்லப்போனால் எங்கள் ஊர் ஜவ்வரிசியே ஒரு நகல்தான். ஒரு காலத்தில் அது கப்பலில் வந்தது. கடல் கடந்த நாடுகளில் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்தது அது. போர் வந்து கப்பல் நின்றபோது, இங்கே சிலர் அந்த வெள்ளை மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, பனைக்குப் பதிலாக, குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியில் அதைச் செய்ய வழி தேடினார்கள். அவர்கள் எந்த ஆலைக்குள்ளும் கால் வைத்தவர்கள் அல்ல. மணியை மட்டும் பார்த்தவர்கள். ஈர மாவைத் துணியில் கொட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டினால் அது தானாக உருண்டு மணியாகிறது என்று முதலில் கண்டவர் யாரோ தெரியாது. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. முடிந்த பொருளிலிருந்து பின்னோக்கி நடந்து வழியைப் பிடித்த மனிதர்கள் அவர்கள். எனக்கோ பின்னால் ஒருவர் வழியையே திறந்து காட்டினார். நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

என் காலத்தில் ஆட்டுகிற வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. நீளமான கெட்டித் துணியைத் தொட்டில்போலக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்டும் அமைப்பு. ஆனால் அதற்கு முந்தைய வேலை மாறவில்லை. சலித்த கிழங்குப் பாலைச் சிமெண்ட் தொட்டிகளில் தேக்கி, மாவு அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பால் புளிக்கத் தொடங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இறுகிக் கிடக்கும் மாவை மண்வெட்டியால் வெட்டி எடுப்பார்கள். எருமப்பட்டிப் பக்கம் பேருந்தில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கூட அந்தப் புளித்த வாடையில் விழித்துக்கொண்டு இறங்குமிடம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

அந்த வாடைக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்க வழக்கப்படி நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கொல்லிமலை நேரெதிரே தெரியும் ஒரு மேட்டில் அவருடைய ஆலை இருந்தது. எதைப் பார்த்தாலும் வாய் பிளந்து நிற்கிற மனிதர் அவர். சாலையோரம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி நின்றால், வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிப்போய், அந்த ஆட்களோடு பேசிப் பழகி, கடைசியில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். என் பட்டறைக்கு வந்தால் வந்த வேலையை மறந்துவிடுவார். "அது ஏனுங்க மச்சான் அப்படிச் சுத்துது?" என்று கேட்டுக்கொண்டே கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பார். அவருக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இரண்டு குடும்பத்திலும் என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாரும் இல்லை.

முப்பது வருஷத்துக்கும் முந்தைய கதை இது. எங்கள் ஸ்டார்ச்சை வாங்கிக்கொண்டிருந்த நூல் ஆலைக்காரர்களும் காகித ஆலைக்காரர்களும் தாய்லாந்து மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளையாக இருக்கிறது, வாடை இல்லை, முதல் மூட்டையும் கடைசி மூட்டையும் ஒன்றுபோல இருக்கின்றன என்றார்கள். நம்முடைய மாவு மழை பெய்தால் ஒரு நிறம், வெயில் அடித்தால் ஒரு நிறம். ஆலைக்காரர்கள் சிலர் கூடிப் பேசி, பங்கு போட்டு என்னை அனுப்புவதென்று முடிவு செய்தார்கள்.

"நீங்க போயிப் பாத்துட்டு வந்துருங்க. பாத்துட்டா அப்பறம் நம்மகிட்ட வந்துட்ட மாதிரிதானே" என்றார் ஒருவர்.

என் மாப்பிள்ளை அப்போது புதிதாகத் தொட்டிகள் கட்டக் கடைக்கால் தோண்டி வைத்திருந்தார். "நீங்க வந்து சொல்றவரைக்கும் ஒரு செங்கல்லு வெக்க மாட்டேனுங்க மச்சான்" என்று பேருந்து நிலையம்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

பாங்காக்கிலிருந்து வடகிழக்கே பல மணி நேரம் காரில் போனோம். வெளியே பார்க்கப் பார்க்க எனக்கு ஊர் நினைவுதான். அதே கிழங்குச் செடி, அதே செம்மண். மலையை மட்டும் எடுத்துவிட்ட நாமக்கல். ஆலை மேலாளர் ஏறக்குறைய என் வயதுக்காரர். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். முதலில் தேநீர் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் லாரியிலிருந்து கிழங்கு சரிவதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, மேலாளர் சிரித்துக்கொண்டே, வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கிழங்கின் பின்னாலேயே நடந்தோம். அது கழுவப்பட்டது, நறுக்கப்பட்டது, அரைபட்டது. அதன்பிறகு அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பளபளக்கும் குழாய்களுக்குள் போய்விட்டது. நான் தொட்டிகளைத் தேடினேன். மாவு படியும் இடம் எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்க்கவே தெரியவில்லை. படிகிற இடம் என்று ஒன்று அங்கே இல்லை. மறுமுனைக்கு வந்தபோது, ஒரு குழாயின் வாயில் கட்டிய மூட்டைக்குள் மாவு விழுந்துகொண்டிருந்தது. கையை விட்டேன். சூடாக இருந்தது, இப்போதுதான் பிறந்த ஏதோ ஒன்றின் உடம்புபோல. முகர்ந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. மூக்கை அழுத்தி மறுபடி முகர்ந்தேன். நான் மாவைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து அங்கிருந்த வேலையாள் ஒருவர் தானும் கை கூப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் தேநீர் முழுதும் ஆறியிருக்கவில்லை.

அந்த ஆச்சரியத்தை இத்தனை வருஷம் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு பகலையும் இரவையும் விழுங்குகிற வேலை அது.

பிறகு மேலாளர் என்னை ஓர் இயந்திரத்தின் முன் நிறுத்தினார். மாவையும் தண்ணீரையும் பிரிப்பது அதுதான். அன்று அதைப் பராமரிப்புக்காக நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெரிய எஃகுக் கிண்ணம். அதற்குள் கூம்பு கூம்பாகத் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் நகம்கூட நுழையாத இடைவெளியில் அடுக்கியிருந்தன. மேலாளர் ஒரு விரலால் கிண்ணத்தைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் ஏதோ பேசி முடித்து, அந்தப் பெண் அதை மொழிபெயர்த்து முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. என் பட்டறையில் செய்த உருளை ஓடினால் பக்கத்து டீக்கடை மேசையில் கண்ணாடி டம்ளர் நகரும். இது ஓடும்போது இதன் கிண்ணம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழலும் என்றார்கள். பக்கத்திலிருந்த இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் கை வைத்தேன். தூங்குகிற மாட்டின் விலாவில் கை வைத்தது மாதிரி ஓர் அதிர்வு, அவ்வளவுதான். தொட்டியில் பூமி தன் இழுப்பால் பொறுமையாகச் செய்கிற வேலையை, இந்தக் கிண்ணம் சுழற்சியால் கண நேரத்தில் செய்துகொண்டிருந்தது.

அங்கே நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை என்னால் செய்ய முடியாது. அந்த எஃகும் அந்த நுட்பமும் எனக்கு மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த யாருக்கும் அன்று எட்டாது.

என் முகம் மாறியதை மேலாளர் வேறுமாதிரிப் புரிந்துகொண்டார்போல. அவர் சொன்னதை அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். "இதை நாங்கள் செய்யவில்லை. ஐரோப்பாவிலிருந்து வாங்கினோம். எங்களுக்கு இது செய்ய வராது. மற்றதெல்லாம் நாங்களே அங்கங்கே பார்த்துச் செய்தவை." மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல அதைச் சொன்னார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை.

ஜவ்வரிசியைப் பற்றியும் கேட்டேன். அதையும் காட்டினார். மாவு உலர்த்தும் குழாய்க்குள் போவதற்கு முன்பே ஈரமாக எடுத்துக்கொண்டால் அப்படியே உருட்டலாம். உலர்ந்த மாவுதான் இருக்கிறது என்றால், அளவாக நனைத்து, ஈரத் துணி போர்த்தி மறுநாள்வரை ஊறவிட்டு, சலித்து உருட்ட வேண்டும். ஒரு பிடி ஈர மாவைத் தன் கையிலேயே உருட்டி, மணிகளை என் உள்ளங்கையில் கொட்டினார். ஒளிப்பதற்கு அவரிடம் எதுவுமே இருக்கவில்லை.

திரும்பி வரும் விமானத்தில், ஆலைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று எனக்குள் பேசிப் பார்த்தேன். 'அருமையான இயந்திரம். என்னால் செய்ய முடியாது. நடுவில் இருக்கும் அந்த ஒன்றை மட்டும் வெளியே வாங்குங்கள், மற்றதை நான் செய்து தருகிறேன்.' இவ்வளவுதான். மேலாளர் சொன்னதையே நான் சொல்லியிருக்கலாம். பார்த்து நகலெடுப்பதற்காகத்தான் போனேன். அந்த ஒரு பேச்சை மட்டும் நகலெடுக்க முடியவில்லை.

எங்கள் ஆலைக்காரர்களுக்குப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. புதிதாக எந்த மாவு வந்தாலும் ஒரு பிடியைத் தொட்டிலில் போட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் மாவு. உருளாவிட்டால் அதைப் பற்றி மேலே பேச்சே இல்லை. நான் ஊர் திரும்பியதும் என் மாப்பிள்ளையின் ஆலையில் கூடினார்கள். நான் கொண்டுவந்த உலர்ந்த மாவுப் பையைப் பிரித்தவுடனேயே ஒருவர், "பேச்செதுக்குங்க, தொட்டில்ல போட்டுப் பாத்துரலாம்" என்றார். மாவைத் தட்டில் கொட்டி, குவளையில் தண்ணீர் மொண்டு தெளித்து, பிசைந்து, அந்தக் கையோடேயே தொட்டிலில் போட்டார்கள்.

உருளுமா? ஒரு பக்கம் கூழாகி ஒட்டியது. ஒரு பக்கம் கட்டி கட்டியாகத் திரண்டது. மீதி காய்ந்த பொடியாகத் துணியின் மடிப்பில் போய்ச் சேர்ந்தது.

"என்னுங்க இது, கோலமாவா?"

"கோலத்துக்கும் ஆகாதுங்க. மூஞ்சிக்குப் பூசிக்கலாம். நல்லா வெள்ளையா இருக்குதுல்ல."

"இதப் பாக்கத்தான் பிளேன்ல போனாராக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிலில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அங்க அவங்க எப்படித்தானுங்க மச்சான் உருட்டுறாங்க?"

எனக்குத் தெரியும். என் கையிலேயே மணியாகக் கொட்டினார்கள். நனைத்து மறுநாள்வரை ஊறவிட வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் அந்த இயந்திரத்தை எப்போது செய்து தருவீர்கள் என்று கேட்பார்கள். ஒருதரம் பார்த்தால் செய்துவிடுகிறவன் அதற்கு என்ன சொல்வான்?

"அவங்க அத மாவாத்தானுங்க விக்கிறாங்க. ஜவ்வரிசிக்கு அது ஆகாது. நம்ம தொட்டி மாவுதான் உருளும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

அந்த வாரமே அவர் கடைக்காலுக்குமேல் சுவர் எழுப்பினார். புதிய தொட்டிகளுக்கு அளவு போட்டுக் கொடுத்தது நான். சல்லடைகளும் என் பட்டறையிலிருந்தே போயின.

ஆலை அதனால்தான் நின்றது என்று சொன்னால் அது ஒருவகை பெருமையடிப்பாகிவிடும். பல காரணங்கள் இருந்தன. நூல் ஆலைகள் வெளி மாவுக்குப் போய்விட்டன. பின்னாளில் உள்ளூரிலேயே சிலர் யாரையும் கேட்காமல் தாங்களே போய்ப் பார்த்து, அந்த இயந்திரத்தை வாங்கி நிறுவினார்கள். தொட்டிகளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும்; கிணறு கீழே போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு பருவத்தில் அவர் ஆலையைத் திறக்கவேயில்லை. ஆனால் புதிய தொட்டிகள் கட்டிய பணமும் உழைப்பும் வேறு திசையில் போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் புது இயந்திரம் வாங்கியபோதுகூட, "அவங்க மாவு விக்கிறவங்க. நம்முளுது ஜவ்வரிசி. மச்சான் போயிப் பாத்துட்டு வந்தவரு" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒருவர் என்னைத் தவறாக நம்பினார் என்பதைவிட, அதில் அவ்வளவு உறுதியாக நின்றார் என்பதுதான் என்னை அரித்தது. ஆலையின் உலர்களத்தை இப்போது கோழித்தீவனக்காரர்கள் மக்காச்சோளம் காயவைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

போன வருஷம் அவருடைய மகள் என்னைப் பார்க்க வந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வெளியூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். ஆலையைப் புது முறையில் திறக்க வேண்டும் என்பது அவள் திட்டம். இப்போது நகரத்துப் பிள்ளைகள் பபிள் டீ என்று ஒன்று குடிக்கிறார்கள். தைவானிலிருந்து வந்த பானமாம். அடியில் கருப்புக் கருப்பாகக் கிடக்கிற உருண்டைகளைத் தடிமனான குழாயால் உறிஞ்ச வேண்டும். சேலத்திலேயே கடை இருக்கிறது. எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். உறிஞ்சினேன். வாய்க்குள் வந்தது எங்கள் ஜவ்வரிசியின் பெரியப்பா மகன்.

"இது வெளிநாட்டுல இருந்து வருதுங்க மாமா. நம்ம கெழங்கு, நம்ம ஊரு. நம்மளே செஞ்சா என்ன?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கப்பல் நின்ற காலத்தில் வெள்ளை மணியைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் நிலமும் ஆலையும் அப்பா பேரில் இருந்தன. அவர் சம்மதிக்கவில்லை.

"உருளாதுன்னு ஒரே வார்த்தையில நிக்கிறாருங்க. நான் லேப்ல உருட்டிக் காட்டுன வீடியோவப் போட்டுக் காட்டுனேன். 'மாமா நேர்ல பாத்துட்டு வந்தவரு, நீ போன்ல காட்டாத'ங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும் மாமா. அந்தக் காலத்து மிஷின் வேற, இப்ப எல்லாம் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. கேட்டுக்குவாரு."

எவ்வளவு சுலபமான வழி! எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவளும் நடந்ததை அறியாமல்தான் அதைச் சொன்னாள். சரி என்று சொல்ல இருந்தேன். அதற்குமுன் இப்போதைய ஆலை ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று அவளே காரில் அழைத்துப் போனாள். எங்கள் சமவெளியிலேயே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அது.

உள்ளே போனதும் கால் தானாக நின்றுவிட்டது. அதே பளபளக்கும் குழாய்கள், அதே வாடையற்ற காற்று. ஓர் இளைஞர் கண்ணாடி அறைக்குள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவ்வளவு பெரிய ஆலை தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஆளரவமே இல்லை. மூட்டையில் கை விட்டேன், சூடு. இத்தனை வருஷம் கழித்து அந்தச் சூடு என் ஊரில், என் மண்ணில் விளைந்த கிழங்கில். பிரிக்கும் இயந்திரத்தின் பக்கம் போய்க் கை வைத்தேன். திரையும் கம்பிகளும் புதிது. உள்ளே சுழன்றது அதே கிண்ணம், அதே கூம்புத் தட்டுகள். இயந்திரம் மாறவில்லை. மாறிப்போச்சு என்று நான் சொல்ல அங்கே எதுவுமே இல்லை.

திரும்பும் வழியில் காரில் அவளிடம் சொன்னேன். "மிஷின் மாறல சாமி. அன்னைக்கும் இதேதான். உருளும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. சாலையைப் பார்த்தபடியே, "அந்தப் புதுத் தொட்டிக்கெல்லாம் அளவு போட்டதும் நீங்கதானுங்களே" என்றாள்.

"நான்தான்."

"இத அப்பாகிட்ட நீங்களே சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் மதியம் போனேன். களத்தில் மக்காச்சோளம் மஞ்சளாகப் பரந்து கிடந்தது. ஓரத்துக் கொட்டகையில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். புள்ள தூது அனுப்பிச்சாளாக்கும்?"

"அவ அனுப்புனதுக்காக மட்டும் வரல மாப்ள. நான் ஒண்ணு சொல்லோணும்."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. முடித்தபின் அவர் கீழே கிடந்த ஒரு சோளமணியைச் செருப்பு முனையால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டனேங்க. எப்படி உருட்டுறாங்கன்னு உங்களக் கேட்டனே."

"கேட்டீங்க."

"தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதானுங்க."

"ஏனுங்க?"

"அத என்னால செய்ய முடியாது. அதச் சொல்ல வாய் வரல."

"அவ்வளவுதானா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காசுக்காகச் சொன்னீங்கன்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்குமுங்க மச்சான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போகச் சொல்வார் என்றும் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அந்தத் தாய்லாந்துக்காரர் மூடியத் தொறந்து காட்டுனாருங்களா?"

"காட்டுனாரு."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். கிண்ணத்தைச் சொன்னேன், தட்டுகளைச் சொன்னேன், ஒரு விரல் தள்ளலில் அது ஓயாமல் சுற்றியதைச் சொன்னேன். தேநீர் ஆறுவதற்குள் மாவாகி வந்த கிழங்கையும், என்னைப் பார்த்துக் கை கூப்பிய வேலையாளையும், அந்தச் சூட்டையும் சொன்னேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. நடுநடுவே, "நகங்கூட நொழையாதா?", "சத்தமே இல்லீங்களா?" என்று கேட்டார். பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற அதே ஆள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவைப் பற்றிய பொய்க்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இந்த ஊரிலேயே இதைக் கேட்டு அதிகம் வியந்திருக்கக்கூடிய மனிதரிடம், அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா," என்றார், "வாங்குறனோ இல்லையோ, ஒருக்கா போயிப் பாத்துட்டாவது வந்திருப்பேன்."

பிறகு எழுந்தார். "ஆலை நின்னதுக்கு உங்க மேல எனக்குக் கோவந்தான். இன்னைக்குத்தான் வந்துருக்குது, லேசுல போகாது. புள்ளகிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

அவர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பாதது அதுவே முதல்தடவை.

அந்த வாரத்திலேயே அப்பாவும் மகளும் அந்த ஆலையைப் பார்க்கப் போனார்கள் என்று தெரிந்தது. என்னை அழைக்கவில்லை. அழைப்பார்கள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் போனைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தேன். மாலையில் அவரே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. நேரே ஆரம்பித்தார்.

"பாத்துட்டேனுங்க. புள்ள ஆர்டர் குடுக்கட்டும்னு சொல்லிட்டேன். நடுவுல இருக்குற அந்த மிஷின வெளிய வாங்கிக்கிறா. மத்ததுக்கு இங்கயே ஆளு பாத்துக்குவாளாம்."

"சந்தோஷமுங்க மாப்ள."

"அது கெடக்கட்டும். வெளிய அந்தக் கழிவுத்தண்ணி கொளம் இருக்குதே, அதப் பாத்தீங்களா? நம்ம ஓடையில உட்டு ஊரையே நாறடிச்சமே, அதே தண்ணி. அதக் கொளத்துல உட்டு, மேல கருப்பா ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கறாங்க. உள்ள கேஸு சேந்து அந்தப் பாய் மலையாட்டம் உப்பி நிக்குது. மேல நடந்தாக் கால் அமுங்குது. அந்தக் கேஸுலதான் அடுப்பே எரியுது. நாறுன தண்ணி எரியுதுங்க மச்சான்! நான் அங்கயே உக்காந்துட்டேன். புள்ள வந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தா. அத நீங்க பாக்கலீங்களா?"

நான் இயந்திரத்தைத் தொட்டுவிட்டு அப்படியே காருக்குத் திரும்பியிருந்தேன். ஆலையின் பின்பக்கம் போகவேயில்லை.

"இல்லீங்க மாப்ள. பாக்கல."

"பாக்காமயே வந்துட்டீங்க" என்றார் அவர். அவ்வளவு தூரம் போயும் அதைத் தவறவிட்ட என்மேல் இரக்கப்படுகிறவர்போல, அந்தக் குளத்தைப் பற்றி முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.